சப் கான்ட்ராக்டருக்கு ஜாஸ்தியா போன காசு: திருப்பி வாங்க சட்டத்துல என்னென்ன வழி

கேள்வி இதுதான். திருப்பூர் பக்கம் மூணு மாடி பனியன் கம்பெனி பில்டிங் ஒண்ணு கட்டிக் குடுத்திருக்கார் ஒரு சின்ன கான்ட்ராக்டர். சென்ட்ரிங், கம்பி கட்டுறது, பூச்சு மூணையும் ஒரே சப் கான்ட்ராக்டருக்கு லேபர் ரேட்ல விட்டிருக்கார். 2023 பிப்ரவரில ஆரம்பிச்ச வேலை 2024 நடுவுல முடிஞ்சிருக்கு, மொத்தம் 92 லட்சத்துக்கு பில். 2026 ஜனவரில பழைய ஃபைலெல்லாம் எடுத்து டேலி பண்ணும்போதுதான் 14.6 லட்சம் ஜாஸ்தியா போயிருக்குனு தெரிஞ்சிருக்கு. சப் கான்ட்ராக்டர் "அது முடிஞ்ச கணக்குங்க"ன்னு கைய விரிச்சிட்டார். கேஸ் போடலாமா, ஸ்டேஷனுக்கு போலாமா, பில்லுல கொஞ்சம் நிறுத்தி கையில வச்சிருக்கற ரிடென்ஷன்லயே புடிச்சுக்கலாமானு கேக்கறார்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல. 20 வருஷத்துக்கு மேல பில்லிங்ல குப்பை கொட்டினவன், அதுல பாதி நாள் வக்கீல் ஆபீஸுக்கு பேப்பர் ரெடி பண்ணிக் குடுத்ததுதான் வேலை. அதனால கோர்ட்ல எது நிக்கும் எது விழும்னு ஓரளவு தெரியும், ஆனா கடைசில கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க.

நீங்க பண்ற பெரிய தப்பு என்னன்னா, 14.6 லட்சத்த ஒரே மூட்டையா கட்டி தூக்கிட்டு ஓடறீங்க. அது ஒரே காசு இல்லீங்க. நீங்க எழுதின விவரத்துலயே நாலு விதமான காசு இருக்கு. 5-வது ஆர்ஏ பில்லுல (வேலை நடக்க நடக்க போடற பில்) வந்த அதே ரெண்டாவது மாடி ஸ்லாப் அளவு 6-வது பில்லுலயும் ஏறி ரெண்டு தடவ பேமெண்ட் ஆனது 6.2 லட்சம். வேலை ஆரம்பத்துல குடுத்த அட்வான்ஸ் எந்த பில்லுலயும் கழிக்காம விட்டது 5 லட்சம். பூச்சு அளவுல ஜன்னல் கதவு ஓபனிங் கழிக்காம விட்டது 1.9 லட்சம். அப்புறம் அவர் பண்ணின பூச்சு வெடிச்சதால வேற ஆள் வச்சு திரும்ப பண்ணின செலவு 1.5 லட்சம். நாலுக்கும் சட்டத்துல வேற வேற கதவு, காலக்கெடு எண்ற விதமும் வேற, கோர்ட்ல எடுபடற பலமும் வேற.

ரெண்டு தடவ போன 6.2 லட்சம்தான் உங்க கையில இருக்கற தங்கம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல 72-வது பிரிவு ரொம்ப நேரடியா சொல்லுது, தப்பா நினைச்சோ வற்புறுத்தலாலயோ ஒருத்தருக்கு காசு போயிருந்தா வாங்கினவர் அத திருப்பித் தரணும், அவ்வளவுதான். அந்த பிரிவுக்கு சட்டத்துலயே ஒரு உதாரணம் இருக்கு பாருங்க, ரெண்டு பேர் சேந்து ஒருத்தருக்கு 100 ரூபா தரணும், ஒருத்தர் குடுத்துட்டார், அது தெரியாம இன்னொருத்தரும் 100 ரூபா குடுத்துட்டார், அப்ப ரெண்டாவது 100 ரூபாய வாங்கினவர் திருப்பித் தரணும். உங்க ஸ்லாப் கதையும் கிட்டத்தட்ட இதேதான். சட்டத்த தப்பா புரிஞ்சுக்கிட்டு கட்டின காசுக்கும் இது பொருந்தும்னு பனாரஸ் சேல்ஸ் டாக்ஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 1958-லயே சொல்லிடுச்சு, உங்களது வெறும் கணக்குத் தப்பு, இன்னும் சுலபம்.

எதிர்தரப்பு வழக்கமா மூணு பாட்டு பாடுவாங்க. ஒண்ணு, "உங்க இன்ஜினியர்தான செக் பண்ணி கையெழுத்து போட்டார்". போட்டார்தான், ஆனா நீங்க அஜாக்கிரதையா இருந்தீங்கங்கறதால மட்டும் அந்த காசு அவரோடது ஆயிடாது. ரெண்டு, "ஃபைனல் பில் முடிச்சு ஃபுல் அண்ட் ஃபைனல் எழுதிக் குடுத்தாச்சு". அதுவும் தப்பான கணக்க வச்சு எழுதினதுன்னா பெரிய தடை இல்ல, ஆனா அந்த பேப்பர்ல என்ன வாசகம் இருக்குனு வக்கீல் படிச்சாகணும். மூணாவதுதான் கொஞ்சம் பயப்பட வேண்டியது, "அவங்களுக்கு தெரிஞ்சேதான் குடுத்தாங்க, நான் நைட் ஷிப்ட் ஓட்டினதுக்கு எக்ஸ்ட்ரா". தெரிஞ்சே குடுத்த காசு தப்புல போன காசு இல்லைல்ல, அங்க 72-வது பிரிவே ஆட்டங்கண்டுடும். அதனால அந்த காலத்துல நீங்களோ உங்க சூப்பர்வைசரோ "பாத்து போட்டு விடறோம்"னு வாட்ஸ்அப்ல எதாச்சும் அனுப்பிருக்கீங்களானு முதல்ல தேடுங்க. எதிராளி காட்டறதுக்கு முன்னாடி நமக்கு தெரிஞ்சிருக்கணும்.

அட்வான்ஸ் 5 லட்சம் வேற கதை. அது தப்புல போன காசு இல்ல, தெரிஞ்சே குடுத்தது, பில்லுல கழிக்கறதா பேசி குடுத்தது. இங்க நீங்க நிக்க வேண்டியது ஒப்பந்தத்து மேல. ஒர்க் ஆர்டர்ல "மொபிலைசேஷன் அட்வான்ஸ் ஒவ்வொரு பில்லுலயும் இத்தன சதவீதம் கழிக்கப்படும்"னு ஒரு வரி இருந்தா போதும். வரி இல்லைன்னாலும் பேங்க் ஸ்டேட்மெண்ட்ல "அட்வான்ஸ்"னு நரேஷன் போட்டு அனுப்பிருந்தா, ஒன்பது பில்லுலயும் அந்த கழிவு இல்லைன்னு காட்டினா வேலை நடக்கும். ரொக்கமா குடுத்து வவுச்சர்ல கையெழுத்து வாங்கிருந்தா அந்த வவுச்சர் எங்க இருக்குன்னு இன்னிக்கே தேடிருங்க.

பூச்சு 1.9 லட்சத்துல நான் உங்க பக்கம் முழுசா இல்ல. நீங்க எல்லா ஓபனிங்கையும் ரெண்டு பக்கமும் கழிச்சு கணக்கு போட்டிருக்கீங்க. கட்டட வேலைய அளவெடுக்கற இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 1200 அப்படி சொல்லல. பூச்சுக்கு 0.5 சதுர மீட்டர் வரைக்கும் உள்ள ஓபனிங் கழிக்கவே கூடாது, 0.5-லேந்து 3 சதுர மீட்டர் வரைக்கும்னா ஒரு பக்கம் மட்டும் கழிக்கணும், அதுக்கு மேல போனாதான் ரெண்டு பக்கமும் கழிச்சு ஓரத்துப் பூச்ச தனியா சேக்கணும். உங்க ஜன்னல் 1.5க்கு 1.2, அதாவது 1.8 சதுர மீட்டர், ஒரு பக்கம்தான் கழியும். ஷட்டர் வர்ற 3க்கு 3 ஓபனிங் மட்டும்தான் ரெண்டு பக்கமும். இதுல இன்னொண்ணு, நம்ம ஊர்ல லேபர் ரேட் பூச்சுக்கு ஓபனிங்கே கழிக்க மாட்டோம், ஜன்னல் ஓரம் எடுக்கற கூலிக்கு அது சரியா போச்சுன்னு பேசி ரேட் போடறது ரொம்ப சகஜம். ஒர்க் ஆர்டர்ல அளவு முறை எழுதலைன்னா இந்த 1.9 லட்சம் கோர்ட்ல பாதிகூட தேறாது. என்ன கேட்டா, இத பேச்சுவார்த்தைல விட்டுக்குடுக்கற சீட்டா வச்சுக்கோங்க, மத்த ரெண்டையும் அவர் ஒத்துக்கறதுக்கு இது உதவும்.

வெடிச்ச பூச்சு 1.5 லட்சம் ஓவர் பேமெண்டே இல்ல. அது நஷ்ட ஈடு, அதே ஒப்பந்தச் சட்டத்துல 73-வது பிரிவு. அவர் வேலை மோசம்னு நிரூபிக்கணும், சரி பண்ண சொல்லி நோட்டீஸ் குடுத்தீங்களா, போட்டோ இருக்கா, திரும்ப பண்ணின ஆளோட பில் இருக்கா, இத்தனையும் வேணும். ஜாஸ்தியா போன காசுங்கறது இவ்வளவுன்னு கணக்கா தெரிஞ்ச தொகை, நஷ்ட ஈடு கோர்ட் சொன்னாதான் தொகை. இந்த ரெண்டையும் கலந்து நோட்டீஸ் விட்டா உங்க நல்ல கேஸும் அழுக்காயிடும், "இவங்க சும்மா எல்லாத்தையும் சேத்து கேக்கறாங்க"ன்னு ஒரு வாசனை வந்துடும். தனியா கேளுங்க, கேக்காமலே விட்டாலும் தப்பில்ல.

இப்ப நேரம். இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, "நான் இப்பதான கண்டுபிடிச்சேன், இப்பலேந்து 3 வருஷம் இருக்கு"ன்னு நினைச்சு சாவகாசமா இருப்பாங்க. கேஸ் போட கெடு வைக்கற லிமிடேஷன் சட்டம் 1963 படி இந்த மாதிரி காசுக்கு 3 வருஷம்தான். எந்த தேதிலேந்துங்கறதுதான் சண்டை. எதிர்தரப்பு வக்கீல் காசு வாங்கின தேதிலேந்து எண்ணுவார். நம்ம வக்கீல் 17-வது பிரிவ காட்டுவார், தப்புல போன காசுன்னா அந்த தப்ப கண்டுபிடிச்ச நாள்லேந்துதான் காலம் ஓட ஆரம்பிக்கும்னு. ஆனா அந்த பிரிவுல ஒரு கொக்கி இருக்கு, "நியாயமான கவனத்தோட பாத்திருந்தா கண்டுபிடிச்சிருக்க முடியுமே"ங்கற தேதிலேந்துன்னும் அதுலயே இருக்கு. உங்க கேஸ்ல 5-வது பில்லும் 6-வது பில்லும் உங்க ஆபீஸ் பீரோலதான் பக்கத்துல பக்கத்துல இருந்திருக்கு. ஃபைனல் பில் போட்ட அன்னிக்கே ரெண்டையும் சேத்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்னு ஜட்ஜ் கேட்டா பதில் கஷ்டம். 6-வது பில் பேமெண்ட் 2023 செப்டம்பர்னு சொல்றீங்க, அப்ப 2026 செப்டம்பர்தான் கடைசி தேதின்னு மனசுல வச்சுக்கிட்டு வேலை பாருங்க. 17-வது பிரிவு மழைக்கு ஒதுங்கற திண்ணை மாதிரி, குடி போற வீடா நினைச்சுடாதீங்க. அட்வான்ஸுக்கும் இதே கதைதான், வேலை முடிஞ்சு கணக்கு பாத்த தேதிலேந்து எண்ணணும்னு நாம சொல்லலாம், 2023 பிப்ரவரில குடுத்த நாள்லேந்துன்னு அவங்க சொல்வாங்க, அப்படி எண்ணினா அது ஏற்கனவே முடிஞ்சே போச்சு.

அதனால அட்வான்ஸத்தான் முதல்ல ரிடென்ஷன்ல கழிக்கணும். இந்த ஐடியா ஏன்னு சொல்றேன். காலக்கெடு முடிஞ்சா கேஸ் போடற உரிமைதான் போகும், கடன் செத்துப் போறதில்லைனு சுப்ரீம் கோர்ட்டோட பழைய நிலைப்பாடு இருக்கு. கோர்ட்டுக்கு போய் கேக்க முடியாத காச, கையில இருக்கற காசுல ஈடு கட்டிக்கறதுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கு. உங்க கையில 5 சதவீதம் ரிடென்ஷன், 4.6 லட்சம் இருக்கு, அட்வான்ஸ் 5 லட்சம், ஏறக்குறைய சரியா போகுது. ஆனா சும்மா மனசுக்குள்ள கழிச்சா ஆகாது. டெபிட் நோட் போடுங்க, எந்த தேதி அட்வான்ஸ், எந்த பில்லுல கழியல, இப்ப எந்த ரிடென்ஷன்ல கழிக்கறோம்னு கணக்கோட லெட்டர் போட்டு ரிஜிஸ்டர் போஸ்ட்லயும் ஈமெயில்லயும் அனுப்புங்க. அப்படி பண்ணினா மிச்சம் கேஸ் போட வேண்டியது முக்கியமா அந்த 6.2 லட்சம், அதுக்கு இன்னும் கால அவகாசம் இருக்கு.

அவர் அவிநாசி சைட்லயும் உங்களுக்கு வேலை பாக்கறார், அங்க 2.75 லட்சம் பில் பெண்டிங்கு, அதுலயும் புடிச்சுக்கலாமானு கேட்டீங்க. அது வேற ஒர்க் ஆர்டர். ஒரே ஒப்பந்தத்துக்குள்ள கொடுக்கல் வாங்கல கழிச்சுக்கறது ஒண்ணு, ஒரு ஒப்பந்தத்து காச இன்னொரு ஒப்பந்தத்துல புடிக்கறது இன்னொண்ணு. "எங்களுக்குள்ள உள்ள எந்த ஒப்பந்தத்துல பாக்கி இருந்தாலும் கழிச்சுக்கலாம்"னு கிளாஸ் இருந்தாலோ அவர் எழுத்துல ஒத்துக்கிட்டாலோ தைரியமா பண்ணுங்க. இல்லைன்னா அவர் அங்க வேலைய நிறுத்திட்டு போவார், லேபர் கூலி வரலைன்னு ஆட்கள் உங்க கேட்ல வந்து நிப்பாங்க, சப் கான்ட்ராக்டர் கூலி குடுக்கலைன்னா மெயின் ஆள்தான் குடுக்கணும்னு சட்டம் இருக்கு. 2.75 லட்சத்துக்கு ஆசப்பட்டு இன்னொரு தலைவலிய ஏன் வாங்கணும்.

அதே மாதிரி சைட்ல கிடக்கற அவரோட சென்ட்ரிங் ஷீட்டு, ஜாக்கி, ஸ்பேன் எதையும் புடிச்சு வைக்காதீங்க. எல்லாரும் முதல்ல பண்றது இதுதான். எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் இப்படி ஷீட்ட பூட்டி வச்சார், அது சப் கான்ட்ராக்டரோடதே இல்ல, வாடகை கடைக்காரரோடது. கடைக்காரர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டார், கடைசில ஷீட்டையும் குடுத்து மூணு மாச வாடகையையும் இவரே கட்டி அழுதார். காசு வரவேண்டிய ஆளு காசு கட்டின கதை.

இப்ப கோர்ட். கட்டுமான ஒப்பந்தத் தகராறு கமர்ஷியல் கோர்ட்ஸ் சட்டம் 2015-க்குள்ள வரும், 2018-லேந்து 3 லட்சமும் அதுக்கு மேலயும் உள்ள தொகைனா போதும். அதனால உங்க கேஸ் சாதாரண முன்சீப் கோர்ட்டுக்கு போகாது. இதுல நல்லது என்னன்னா எதிராளி 120 நாளுக்குள்ள பதில் மனு போட்டாகணும், அதுக்கு மேல ஒரு நாள்கூட கிடையாது. ஆனா அங்க நேரா போய் கேஸ் போட முடியாது, 12-ஏ பிரிவு படி முதல்ல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமா மீடியேஷனுக்கு போகணும். அவசர இடைக்கால உத்தரவு வேணும்ங்கற கேஸுக்கு மட்டும்தான் விலக்கு. இது கட்டாயம்தான், போகாம போட்ட கேஸ தள்ளுபடி பண்ணலாம்னு பாட்டீல் ஆட்டோமேஷன் கேஸ்ல 2022-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. விலக்கு வாங்கணும்னே ஒரு போலி இடைக்கால மனு சேத்து போடற தந்திரமும் இப்ப எடுபடறதில்ல.

நிறைய பேர் இத வெட்டி வேலைன்னு நினைக்கறாங்க. எனக்கு அப்படி தோணல. மனு போட்டு மீடியேஷன் நடக்கற காலம், மூணு மாசம், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா இன்னும் ரெண்டு மாசம், அது லிமிடேஷன் கணக்குல சேராது. அவர் வரவே இல்லைன்னா "ஆரம்பிக்க முடியல"ன்னு ஒரு ரிப்போர்ட் குடுப்பாங்க, அத வச்சு கேஸ் போட்டுக்கலாம். வந்துட்டார்னா அந்த 1.9 லட்சத்தையும் 1.5 லட்சத்தையும் விட்டுக்குடுத்து 6.2-அ தவணைல வாங்கறதுக்கு அதவிட நல்ல இடம் கிடையாது, அங்க போடற செட்டில்மெண்டுக்கு ஆர்பிட்ரேஷன் தீர்ப்பு மாதிரி பலம் உண்டு, அவர் மாறினா நேரா எக்ஸிகியூஷனுக்கு (தீர்ப்ப அமல்படுத்த கேக்கறது) போலாம்.

கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டுல முன்ன 7.5 சதவீதம் இருந்தது, 2017-ல 3 சதவீதமா குறைச்சாங்க. 6.2 லட்சத்துக்கு 18,600 ரூபா. நடுவுல வெளிய பேசி முடிச்சுக்கிட்டாலும் அந்த கட்டணத்த திருப்பி வாங்கலாம், மெட்ராஸ் ஹைகோர்ட் சொன்னத 2021-ல சுப்ரீம் கோர்ட்டும் சரின்னு சொல்லிடுச்சு. இது பல பேருக்கு தெரியறதில்ல.

சீக்கிரமா முடியற சம்மரி சூட் இருக்கேன்னு யாராவது சொல்வாங்க, சிவில் நடைமுறைச் சட்டத்துல 37-வது ஆர்டர். அதுல எதிராளி கோர்ட் அனுமதி வாங்கினாதான் வாதாடவே முடியும், கேக்க ரொம்ப நல்லாருக்கும். ஆனா அது செக்கு, புரோநோட்டு, எழுத்துல ஒத்துக்கிட்ட குறிப்பிட்ட தொகை மாதிரி விஷயத்துக்குதான். "ரெண்டு பில்லும் பாத்தா தெரியும்ங்க"ங்கறது அதுல நிக்காது. ஆனா அவர்கிட்டேந்து ஒரு கையெழுத்து வாங்கிட்டீங்கன்னா கதையே மாறிடும்.

அந்த கையெழுத்துதான் என் அனுபவத்துல வக்கீல் நோட்டீஸவிட பத்து மடங்கு பெறும். நோட்டீஸ் விட்ட அன்னிக்கு அவரும் ஒரு வக்கீல புடிப்பார், அப்புறம் வாயே திறக்க மாட்டார். அதுக்கு முன்னாடி ஒரு டீ குடிக்கற சாக்குல உக்காந்து, ரெண்டு பில்லையும் எம்-புக்கையும் (அளவு எழுதற புத்தகம்) பக்கத்துல பக்கத்துல வச்சு, "பாருங்க மேஸ்திரி, இதே கிரிட் இதே அளவு ரெண்டுலயும் இருக்கு"ன்னு காட்டி, ஒரு கணக்கு சரிபார்ப்பு பேப்பர்ல, இத்தன ரூபா ஜாஸ்தி வந்திருக்கு, வர்ற வேலைல கழிச்சுக்கலாம்னு எழுதி கையெழுத்து வாங்குங்க. 3 வருஷம் முடியறதுக்கு முன்னாடி எழுத்துல கையெழுத்தோட ஒத்துக்கிட்டா லிமிடேஷன் சட்டம் 18-வது பிரிவு படி அந்த தேதிலேந்து புதுசா 3 வருஷம். ஒரு பகுதிய திருப்பிக் கட்டினாலும், அதுக்கு அவர் கைப்பட எழுத்தோ கையெழுத்தோ இருந்தா, 19-வது பிரிவுல அதே பலன். வாட்ஸ்அப்ல "சரிங்க பாத்துக்கலாம்"னு வந்தா அத வச்சுக்கோங்க, ஆனா அத மட்டும் நம்பி உக்காராதீங்க, கையெழுத்துங்கற வார்த்தைய வச்சு வாதம் வரும், அது போக மின்னணு ஆதாரத்துக்கு புது சாட்சியச் சட்டம் 63-வது பிரிவு படி சான்றிதழ் வேற போடணும், போன தொலைச்சுட்டேன்னா முடிஞ்சது.

முடிஞ்சா தவணைக்கு செக் வாங்கிக்கோங்க, ஆனா மனசார குடுத்தா மட்டும். செக் திரும்பினா மெமோ வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ், நோட்டீஸ் போய் சேந்து 15 நாள் டைம், அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள 138 கேஸ், இந்த தேதிகள்ல ஒரு நாள் தவறினாலும் சிக்கல். நாலு பேர உக்கார வச்சு மிரட்டி வெத்து செக்கும் வெத்துப் பத்திரமும் வாங்கற பழக்கம் இருக்கு பாருங்க, அது வேண்டவே வேண்டாம். நான் முதல்ல சொன்ன அதே 72-வது பிரிவுலதான் வற்புறுத்தி வாங்கின காசையும் திருப்பித் தரணும்னு இருக்கு, உங்க ஆயுதத்தையே திருப்பிப் புடிப்பாங்க.

ஸ்டேஷன் பத்தி. உங்க கோவம் புரியுது, "ஏமாத்திட்டான் சார், 420"ன்னு தோணும். இப்ப அது பாரதிய நியாய சன்ஹிதால 318-வது பிரிவு. மோசடின்னா காசு வாங்கும்போதே ஏமாத்தற எண்ணம் இருந்திருக்கணும். தெரியாம ரெண்டு தடவ ஏறின அளவ, வாங்கிக்கிட்டு கம்முன்னு இருந்தார்ங்கறது மட்டும் அதுக்கு பத்தாது. சிவில் தகராறுக்கு கிரிமினல் சாயம் பூசாதீங்கன்னு சுப்ரீம் கோர்ட் 2006-ல இந்தியன் ஆயில் கேஸ்லேந்து திரும்பத் திரும்ப சொல்லிட்டே இருக்கு. ஸ்டேஷன்ல சிஎஸ்ஆர் (புகார் வாங்கினதுக்கு ரசீது) போட்டு ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு பேசுவாங்க, சில சமயம் காசு வந்தும் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன், ஆனா வரலைன்னா ஆறு மாசம் போயிருக்கும், அந்த ஆறு மாசமும் லிமிடேஷன் கடிகாரம் நிக்காம ஓடிருக்கும், போலீஸ் கம்ப்ளைண்ட் அத நிறுத்தாது. ஒரே ஒரு விஷயம் மட்டும் பாருங்க, எம்-புக்குல பேஜ் மாத்திருக்கா, உங்க இன்ஜினியர் கையெழுத்து வேற யாராவது போட்டதா, இல்ல உங்க இன்ஜினியரே கூட்டா? அப்படி எதாச்சும் இருந்தா அது நிஜமாவே கிரிமினல்தான், அப்ப சிவில் ஒரு பக்கம் அது ஒரு பக்கம்னு ரெண்டும் ஓடலாம். இன்னும் வேலைல இருக்கற இன்ஜினியர்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி பில் ஃபைல் மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணிடுங்க, ஏன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஒர்க் ஆர்டர் கடைசி பக்கத்த எடுத்து படிங்க. நம்ம ஆட்கள் பெரிய கம்பெனி ஃபார்மேட்ட அப்படியே காப்பி அடிச்சு வச்சிருப்பாங்க, "தகராறு வந்தா நிர்வாக இயக்குநர் நியமிக்கற ஆர்பிட்ரேட்டர் முடிவு செய்வார்"னு ஒரு வரி இருக்கும், இங்க நிர்வாக இயக்குநர்னு ஒருத்தர் இருக்கவே மாட்டார், அண்ணன் தம்பி ரெண்டு பேர் நடத்தற ஃபர்ம். அந்த வரி இருந்தா கோர்ட்ல போட்ட கேஸ எதிராளி ஆர்பிட்ரேஷனுக்கு இழுத்துட்டு போகலாம். அதே சமயம் நீங்களே ஒருதலையா ஆர்பிட்ரேட்டர போடவும் முடியாது, 2019 பெர்கின்ஸ் கேஸ்லேந்து அந்த கதவு மூடிக்கிச்சு. ஆர்பிட்ரேஷன் சட்டம் 21-வது பிரிவு நோட்டீஸ் அனுப்பி ரெண்டு பேரும் ஒத்துக்கற ஆள கேக்கணும், 30 நாள்ல சரி வரலைன்னா ஹைகோர்ட் போய் நியமிக்க சொல்லணும். அந்த நோட்டீஸ் அவர் கைக்கு போன தேதில ஆர்பிட்ரேஷன் ஆரம்பிச்சதா கணக்கு, லிமிடேஷன் அங்க நிக்கும். 6 லட்சத்துக்கு ஆர்பிட்ரேட்டர் ஃபீஸ் கட்டுபடியாகுமாங்கறது தனி கேள்வி, கட்டுபடியாகாதுன்னுதான் நினைக்கறேன்.

அண்ணன் தம்பி ஃபர்ம்னு சொன்னதும் ஞாபகம் வருது, உங்களது பார்ட்னர்ஷிப்பா? ரிஜிஸ்டர் ஆயிருக்கா? ரிஜிஸ்டர் ஆகாத ஃபர்ம் ஒப்பந்தத்த வச்சு வெளியாள் மேல கேஸ் போட முடியாது, பார்ட்னர்ஷிப் சட்டம் 69-வது பிரிவு. ஜிஎஸ்டி நம்பர் இருக்கேங்கறது பதில் இல்ல, பதிவாளர்கிட்ட ஃபர்ம் பதிவு ஆயிருக்கணும். கேஸ் போட்டதுக்கு அப்புறம் பதிவு பண்ணி ஒட்டுப்போட நினைக்காதீங்க, முன்னாடியே பண்ணிடுங்க.

அவர் பக்கம் என்ன ஆயுதம் இருக்குனும் பாக்கணும். உத்யம் பதிவு (சிறு தொழில் பதிவு) இருக்கற சின்ன யூனிட்னா, ரிடென்ஷன் வரலைன்னு எம்எஸ்எம்இ ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்கு போகலாம், அங்க ரிசர்வ் பேங்க் வங்கி விகிதத்த மாதிரி மூணு மடங்கு, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. கான்ட்ராக்ட் வேலை அந்த சட்டத்துல வருமா வராதாங்கறதுலயே சண்டை இருக்கு, ஆனா நீங்க சும்மா இருந்துடக்கூடாது, அங்கயே உங்க 6.2 லட்சத்த எதிர்க் கோரிக்கையா போடலாம்னு சில்பி இண்டஸ்ட்ரீஸ் கேஸ்ல 2021-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு.

திவால் சட்டத்த காட்டி மிரட்டலாமான்னு ஒரு நண்பர் சொன்னாராமே, உங்களுக்கு ஆகாது. எதிராளி கம்பெனியா இருக்கணும், பாக்கி 1 கோடிக்கு குறையக்கூடாது, ஏற்கனவே தகராறு இருந்தா அங்க கதவே திறக்காது. பெரிய தொகைல இருக்கறவங்களுக்கு மட்டும் சொல்றேன், நம்ம சென்னை மெட்ரோ வேலைல வந்த ஒரு கேஸ் இருக்கு, கன்சாலிடேட்டட் கன்ஸ்ட்ரக்ஷன் கன்சார்டியத்துக்கும் ஹிட்ரோ எனர்ஜிக்கும், லைட் சப்ளைக்கு போன 50 லட்சம் அட்வான்ஸ் சம்பந்தமா. பொருள் சப்ளை பண்ணினவர்தான் ஆபரேஷனல் கிரெடிட்டர் (வியாபாரத்துல காசு வரவேண்டியவர்) அப்படின்னு இல்ல, வாங்கறதுக்கு அட்வான்ஸ் குடுத்து ஏமாந்தவரும் அந்த கணக்குதான்னு 2022 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. மெயின் கான்ட்ராக்டர்களுக்கு அது பெரிய விஷயம்.

டாக்ஸ் பக்கம் வேகமா சொல்லிடறேன். நீங்க டிடிஎஸ் புடிச்சு கட்டினது அவர் கணக்குலதான் ஏறியிருக்கு, அதனால கைக்குப் போன தொகைய மட்டும் கேக்காதீங்க, டிடிஎஸ்ஸும் சேத்து முழு பில் தொகைய கேளுங்க. ஜிஎஸ்டில 2023-24 வருஷத்து பில்லுக்கு அவர் கிரெடிட் நோட் போட்டு டாக்ஸ் குறைச்சுக்கற கெடு 2024 நவம்பர் 30-ஓட போயிடுச்சு, ஆனா நடக்காத வேலைக்கு நீங்க இன்புட் (பில்லுல குடுத்த ஜிஎஸ்டிய கழிச்சுக்கறது) எடுத்திருக்கீங்க, அது உங்க தலைக்கு வரும், ஆடிட்டர்கிட்ட முதல்ல காட்டிட்டு அப்புறம் நோட்டீஸ்ல தொகைய எழுதுங்க. நோட்டீஸ்ல வட்டியும் கேட்டே ஆகணும், எழுத்துல கேட்ட தேதிலேந்து வட்டி குடுக்க 1978 வட்டிச் சட்டத்துல இடம் இருக்கு, கேக்கலைன்னா அந்த மாசங்கள் போனதுதான்.

கடைசியா, தீர்ப்பு வாங்கறது பாதி தூரம்தான். அவர்கிட்ட என்ன இருக்குனு கேஸ் போடறதுக்கு முன்னாடியே பாருங்க. பேர்ல வீடு நிலம் இருக்கறது தெரிஞ்சா பதிவுத்துறை தளத்துல வில்லங்கம் போட்டு பாருங்க, காசு ஒண்ணும் பெருசா ஆகாது. அவர் வேற எந்த கான்ட்ராக்டர்கிட்ட வேலை பாக்கறார், அங்க எவ்வளவு பில் பாக்கின்னு விசாரிங்க, தீர்ப்புக்கு அப்புறம் அந்த ஆள்கிட்டேந்தே நேரா பணத்த பறிமுதல் பண்ண 21-வது ஆர்டர்ல வழி இருக்கு, சப் கான்ட்ராக்டர் கேஸ்ல இதுதான் நிஜமா காசு வர்ற வழி, ஏன்னா பேங்க் அக்கவுண்ட தேடி போனா 340 ரூபா இருக்கும். சொத்த வித்துட்டு ஓடப் பாக்கறார்னு கையில ஆதாரம் இருந்தா தீர்ப்புக்கு முன்னாடியே 38-வது ஆர்டர்ல அட்டாச் பண்ண கேக்கலாம், வெறும் சந்தேகத்துக்கு குடுக்க மாட்டாங்க.

நாளைக்கு காலைல முதல் வேலையா பேங்க் ஸ்டேட்மெண்ட எடுத்து 6-வது பில் பணம் போன சரியான தேதிய பாருங்க, "செப்டம்பர் வாக்குல"ங்கறது பத்தாது. அத வக்கீல்கிட்ட முதல் வரியா சொல்லுங்க, அப்புறம் டீ வாங்கிட்டு மேஸ்திரிய பாக்க போங்க.